முப்பத்தொன்றுக்கு மேலே

பின்சி அனுப்பிய முதல் வரைபடத்தைப் பார்த்தபோது யோகப்பிரியாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவதைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. நான்காவதும் அதே உயரத்துக்கு ஏறி நின்றபோது, இந்தப் பெண் எங்கேயோ கை வைத்திருக்கிறாள் என்று மனதில் பட்டுவிட்டது. ஒருமுறை பட்டதை அப்புறம் துடைக்க முடியவில்லை.

யோகப்பிரியா மீனாட்சிபுரத்துக்காரி. மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம். ஊரிலிருந்து அரைமணி பஸ் தூரத்தில், பாலக்காட்டுச் சாலையில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் எட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறாள். நுண்ணுயிர்களைக் கலத்தில் வளர்த்து, அவற்றிடமிருந்து நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்கிற படிப்பு. அவளுடைய ஆராய்ச்சி பனீர்த் தண்ணீரில். பாலைத் திரித்துப் பனீரைப் பிழிந்தெடுத்த பிறகு வடிகிற அந்த வெளிர்மஞ்சள் தண்ணீரை ஊரில் சாக்கடையில்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் பால்சர்க்கரை மிச்சம் இருக்கிறது. ஒருவகைப் பாக்டீரியாவை அதில் விட்டால், சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றிக் கொடுக்கும். மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக் செய்ய அந்த அமிலம் வேண்டும்.

முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடம் அவள் இதிலேயே கிடந்தாள். கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஓர் எண். லிட்டருக்கு முப்பத்தொரு கிராம் அமிலம் சேர்ந்ததும் பாக்டீரியா வேலையை நிறுத்திக்கொள்கிறது. தான் உண்டாக்கிய அமிலமே தனக்கு விஷமாகிவிடுகிறது. இதை ஆய்விதழில் எழுதினாள். அதை மேற்கோள் காட்டி வேறு சிலர் எழுதினார்கள். கருத்தரங்குகளில் அறிமுகம் செய்துகொள்ளும்போது, "ஓ, அந்த முப்பத்தொண்ணு நீங்கதானா?" என்று கேட்டவர்களும் உண்டு.

பின்சியின் வரைபடம் நாற்பத்தைந்தில் போய் நின்றது. அதே கல்லூரி, அதே மூன்று லிட்டர் ஃபெர்மென்டர் கலம், அதே பாக்டீரியா, அதே பனீர்த் தண்ணீர்.

பின்சி இடுக்கித் தேயிலைத் தோட்டத்துப் பெண். அப்பா ஏசுதாஸ் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறார்; அம்மா பிலோமி கொழுந்து பறிக்கிறாள். யோகப்பிரியாவின் கீழ் முழுநேர ஆராய்ச்சிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். வந்து இரண்டு வருடமாகிறது. அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முன்பெல்லாம் யோகப்பிரியாவுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. ஃபெர்மென்டர் ஓடுகிற நாட்களில் பின்சி விடுதியிலிருந்து காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறாள். துறையில் அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். ஆய்வு நோட்டை மேசைமேல் வைப்பதில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறாள். ஒருநாள் யோகப்பிரியா மாடி வராந்தாவில் நின்றபோது, பின்சி கைக்குட்டையால் எதையோ மூடிப் பிடித்தபடி முற்றத்தைக் கடந்து வேதியியல் துறைக்குள் போவதைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் போனாள்.

ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் தனபாலிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, பின்சி எதுக்குக் கெமிஸ்ட்ரிக்குப் போயிட்டுப் போயிட்டு வருது?"

"அங்க சிஜுன்னு ஒரு லேப் அசிஸ்டென்ட் இருக்கானுங்க மேடம். அவன்கிட்ட என்னமோ வேலைன்னு போகுமுங்க. நான் கேக்கலீங்க." தனபால் குடுவையைக் கழுவியபடியே சொன்னார்.

வேதியியல் துறையில் என்ன வேலை? அங்கே அலமாரி நிறைய அமிலங்கள் இருக்கின்றன. லாக்டிக் அமிலமும் இருக்கும். பாக்டீரியா முப்பத்தொன்று கொடுத்தால் மிச்சம் பதினான்கைப் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த நினைப்பு வந்த அன்றே அவள் தன் துறையின் அலமாரியைத் திறந்து, லாக்டிக் அமிலப் பாட்டிலில் திரவம் நின்ற மட்டத்தில் பேனாவால் மெல்லிய கோடு போட்டுவைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது மட்டம் அப்படியே இருந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, 'இங்கே எடுத்தால் தெரிந்துவிடும் என்றுதான் அங்கே போகிறாள்' என்று தோன்றியது.

அந்த வாரம் மூன்றாம் ஆண்டு வகுப்பில் கரும்பலகையில் தன்னுடைய வளைகோட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தாள். ஏறி, வளைந்து, முப்பத்தொன்றில் படுத்துவிடுகிற கோடு. முன்வரிசையிலிருந்து மௌனிகா கை தூக்கினாள்.

"மேடம், வராந்தாவுல ஒட்டியிருக்கற பின்சிக்கா போஸ்டர்ல நாப்பத்தஞ்சு வரைக்கும் போகுதுங்களே? அப்ப இந்தச் சமன்பாடு எப்படிங்க சரியாகும்?"

வகுப்பு முழுக்க நிமிர்ந்து பார்த்தது. "அது இன்னும் சரிபார்க்காத டேட்டா" என்றாள் யோகப்பிரியா. சொல்லும்போதே குரல் கெட்டியாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது. மௌனிகா உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை மதியம், துறை காலியான பிறகு யோகப்பிரியா குளிர்அறைக்குப் போனாள். திங்கட்கிழமை ஓட்டத்துக்காக வைத்திருந்த பனீர்த் தண்ணீர்க் கேன் அங்கே இருந்தது. நீல மூடியில் பின்சியின் கையெழுத்தில் தேதி. கேனைத் தூக்கிப் பாதியைத் தொட்டியில் ஊற்றினாள். மிச்சப் பாதியோடு நல்ல தண்ணீரைச் சேர்த்து, குலுக்கி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். மீனாட்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பாலில் தண்ணீர் கலப்பவர்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. இது பாலில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளுடைய யோசனை எளிமையானது. பனீர்த் தண்ணீரில் லிட்டருக்கு நாற்பத்தெட்டு கிராம் சர்க்கரை இருக்கும். பாதி தண்ணீர் கலந்தால் இருபத்துநாலு. இருபத்துநாலு கிராம் சர்க்கரையிலிருந்து எந்தப் பாக்டீரியாவாலும் நாற்பத்தைந்து கிராம் அமிலம் எடுக்க முடியாது. அந்த வரைபடமும் நாற்பத்தைந்தைத் தொட்டால், அது பேனா முனையில் பிறந்ததுதான்.

திங்கள் முதல் புதன் வரை பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று சொல்லி அவள் ஆய்வகப் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை காலை பின்சியின் மின்னஞ்சல் வந்தது. ஆரம்பச் சர்க்கரை நாற்பத்தெட்டு. முடிவில் அமிலம் நாற்பத்துநாலு புள்ளி ஆறு.

யோகப்பிரியா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். தன் கையால் ஊற்றிய தண்ணீர் எங்கே போயிற்று? ஆரம்பச் சர்க்கரையைக்கூட அளக்காமல், வழக்கமான எண்ணையே எழுதியிருக்கிறாள். இரண்டு வருடம். இரண்டு வருடமாக இதைத்தான் செய்திருக்கிறாள். கோபத்துக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. முப்பத்தொன்று பிழைத்துவிட்டது. அந்த நிம்மதியை அவள் அப்போது கவனிக்கவில்லை.

நேராகத் துறைத்தலைவர் பூபதிராஜாவிடம் போனாள். எதையும் நிதானமாகச் செய்கிற மனிதர் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியாமயாங்க தண்ணி கலந்தீங்க?"

"தெரிஞ்சா எப்படிங்க சார் பிடிக்கறது?"

"பிடிக்கறதுங்கறீங்க." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரிங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிடறேன். நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் பேச வேண்டாமுங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பின்சி நீல அட்டை போட்ட நோட்டோடு வந்து நின்றாள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது.

"பின்சி, திங்கட்கிழமை ஓட்டத்துல ஆரம்பச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டார் பூபதிராஜா.

"நாப்பத்தெட்டு சார். ஆனா அது திங்கக்கெழம இல்ல, செவ்வாக்கெழம. திங்கக்கெழம பாத்தப்போ இருபத்துநாலுதான் இருந்துச்சு."

யோகப்பிரியா நிமிர்ந்தாள்.

"கலத்துல ஊத்துறதுக்கு முன்னால எப்பவும் சர்க்கரைய பாத்துருவேன் சார். பாதிதான் இருந்துச்சு. கேன் கழுவுன தண்ணி உள்ளயே நின்னுருச்சோன்னு நெனச்சேன். அத கீழ ஊத்திட்டு, மீனாட்சிபுரத்துக்குப் போன் பண்ணி வேற கேன் வாங்கி, மறுநா ஓட்டுனேன். நோட்டுல எழுதிருக்கேன்."

நோட்டைத் திறந்து காட்டினாள். எழுதித்தான் இருந்தது. தேதி, மணி, இருபத்துநாலு, 'ஊற்றிவிட்டேன்'.

"இது எப்ப எழுதினது?" என்றாள் யோகப்பிரியா.

பின்சிக்குக் கேள்வி புரியவில்லை. "திங்கக்கெழம மேடம்."

"நேத்து ராத்திரி எழுதியிருக்கலாமில்ல? நோட்டோட வரணும்னு நேத்தே சொல்லியாச்சே. என்னமோ தெரிஞ்சுபோச்சுன்னு பயந்து எழுதிச் சேர்த்திருக்கலாமில்ல?"

பின்சி தான் எழுதிய வரியையே பார்த்தாள். பூபதிராஜா, "மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

உள்ளே வந்தவர் சின்னையன். மீனாட்சிபுரத்தில் பனீர் போடுகிறவர். யோகப்பிரியாவுக்கு மாமன் முறை. ஊர்ப்பெண் படிப்புக்கு உதவட்டும் என்று, அவள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பனீர்த் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார். வெள்ளை வேட்டி முழுக்கச் சாலைத் தூசி. பின்னாலேயே தனபால், "சொல்லச் சொல்லக் கேக்காம வந்துட்டாருங்க சார்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சாருங்க, மன்னிச்சுக்கோணும். நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலீங்க" என்றார் சின்னையன். பிறகு யோகப்பிரியா பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு யோகா, உங்க காலேஜுப் புள்ள திங்கக்கெழம காத்தால போன் போட்டு, 'தண்ணி கலந்திருக்கு, வேற கேன் குடுங்க'ன்னு கேக்குது. கேட்டதும் குடுத்துட்டேன். ஆனா மனசு ஆறல. எங்கப்பன் காலத்துல இருந்து பால் ஊத்தறோம். ஒருத்தன் விரல் நீட்டிச் சொல்லியிருக்கானா? போயும் போயும் சாக்கடைக்குப் போற தண்ணியில நான் தண்ணி ஊத்துவனா? ஊத்தி என்னத்தைக் கண்டேன்?"

பின்சி எழுந்து நின்று, "ஐயா, நீங்க ஊத்துனீங்கன்னு நான் சொல்லலய்யா. கழுவுன தண்ணி கேன்ல நின்னுருக்கும்னு நெனச்சுத்தான் கேட்டேன்" என்றாள்.

"கேன் கழுவறதும் நாந்தானே சாமி."

பூபதிராஜா யோகப்பிரியாவைப் பார்த்தார். சொல்ல வேண்டியது யார் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"மாமா, நீங்க ஊத்தலீங்க" என்றாள் யோகப்பிரியா. "நான்தான் ஊத்தினேன்."

சின்னையனுக்குப் புரியவில்லை. "நீயா? எதுக்குக் கண்ணு?"

பின்சி யோகப்பிரியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கூடி வருவது தெரிந்தது: நீல மூடிக் கேன், மேடம் மூன்று நாள் ஆய்வகப் பக்கம் வராமல் இருந்தது, 'இது எப்ப எழுதினது?' எல்லாம் கூடியதும் அந்த முகம் மூடிக்கொண்டுவிட்டது.

பூபதிராஜா சின்னையனின் தோளில் கை வைத்து, "நாங்க ஒரு பரிசோதனைக்காகக் கலந்ததுங்க. உங்க மேல துளி குத்தம் இல்லீங்க. நான் சொல்றேன்" என்று வெளியே அழைத்துப் போய், தனபாலிடம் காபி வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, திறந்தே கிடந்த நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். இரண்டு, மூன்று பக்கம் போனதும் கை நின்றது.

"இது என்ன பின்சி? 'ப்ரோப் ஆறு காட்டுகிறது, சிஜு மீட்டரில் ஐந்து புள்ளி இரண்டு, திருத்தினேன்.' ஒவ்வொரு ஓட்டத்துலயும் எழுதியிருக்கே?"

"ஃபெர்மென்டர்ல புளிப்ப அளக்குற பிஎச் ப்ரோப் தப்பா காட்டுது சார். ஓட ஓட நழுவிக்கிட்டே போகுது. ஆறுன்னு காட்டும்போது உள்ள அஞ்சே காலுக்கு எறங்கிரும். அந்தப் புளிப்புல பாக்டீரியாவுக்கு வேல ஓடாது. நம்ம மேச மீட்டரு ரிப்பேரு. அதான் ரெண்டு மணிக்கொருக்க சாம்பிள் எடுத்துக் கெமிஸ்ட்ரில சிஜு சார்ட்ட போயி அளந்துட்டு வந்து, காரம் விட்டுச் சரி பண்ணுவேன். சூடு ஆறக்கூடாதுன்னு துணியப் போட்டு மூடிக் கொண்டுபோவேன்."

"இதை மேடம்கிட்டச் சொல்லலியா?"

"போன வருசமே சொன்னேம்லா சார்." பின்சி யோகப்பிரியாவைப் பார்க்காமல் சொன்னாள். "'இந்த மெஷின்லதான் நான் பிஎச்டி முடிச்சேன், கருவியக் குத்தம் சொல்லாத'ன்னாங்க. அப்புறம் நான் வாயால சொல்லல. எழுதி மட்டும் வச்சேன். மேடம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒப்பு போட்டுருக்காங்க."

பூபதிராஜா நோட்டை மேசையின் குறுக்கே நகர்த்தினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் யோகப்பிரியாவின் கையெழுத்து இருந்தது. 'ப்ரோப் ஆறு, மீட்டர் ஐந்து புள்ளி இரண்டு' என்ற வரிக்கு நேர் கீழே. 'ஐந்து புள்ளி ஒன்று' என்ற வரிக்கு நேர் கீழே. நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். எதையும் அவள் வாசித்ததில்லை. மின்னஞ்சலில் வரும் வரைபடம் போதும் என்று இருந்துவிட்டாள்.

கருவியைக் குற்றம் சொல்லாதே என்று பின்சியிடம் சொன்னது அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள் என்று தெரிந்தது. அந்த வார்த்தைகள் அவளுடையவைதான்.

அதற்குப் பிறகு அவளுக்குள் ஓடியதை நிறுத்த முடியவில்லை. இதே ஃபெர்மென்டர். இதே ப்ரோப். தன் ஐந்து வருடத்தில் ஒருநாளும் வெளியே எடுத்து வேறு மீட்டரில் அளந்து பார்த்ததில்லை. திரை ஆறு என்றால் ஆறு. பாக்டீரியா நின்றது அமிலத்தின் அளவால் அல்ல, ப்ரோப் தப்பாகக் காட்டியதில் காரம் போதாமல் கலம் புளித்துப்போனதால். முப்பத்தொன்று பாக்டீரியாவின் எல்லை இல்லை. கெட்டுப்போன ஒரு கருவியின் எல்லை. இரண்டு மாதமாகப் பொய் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். பொய் எண் அச்சில், அவள் பெயரின் கீழ், ஏழு வருடமாக இருந்திருக்கிறது.

பின்சி நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யோகப்பிரியா அவள் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள். வெளியே வாளையாற்றுப் பக்கமிருந்து வீசிய காற்று கதவுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பின்சி, நில்லு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோ."

பின்சி நின்றாள். அழவில்லை. "நான் பொய் எண்ணு எழுதுறேன்னு நெனச்சீங்களா மேடம்?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா தெனம் எங்கிட்ட, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க." நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மன்னிக்கதுக்கு ஒண்ணுமில்ல மேடம். எண்ணு மாறுனா சந்தேகப்படத்தான் செய்யணும். ஆனா எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா? அந்த நோட்டத் தொறந்து பாத்திருக்கலாம்லா? ஒரு நிமிசம் ஆயிருக்குமா? இனிமே உங்ககிட்ட நோட்டக் காட்ட எனக்குக் கை வராது."

அடுத்த வாரம் வழிகாட்டியை மாற்றக் கோரி பின்சி விண்ணப்பம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதைப் படித்தபோதுதான் யோகப்பிரியாவுக்கு அழுகை வந்தது. திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பாள். முழுவதையும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டாள். பூபதிராஜா பின்சியைத் தன் கீழ் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரத்துக்குப் போய்ச் சின்னையன் வீட்டில் உட்கார்ந்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவருக்குப் பாக்டீரியாவும் பிஎச்சும் புரியவில்லை. "அந்தப் புள்ளயப் போய்ச் சந்தேகப்பட்டியே" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கேன் வருவது நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேனோடு ஒரு துண்டுச்சீட்டும் வர ஆரம்பித்தது. தேதியும் அளவும் அவரது கோணல் கையெழுத்தில்.

புது ப்ரோப் வந்ததும் யோகப்பிரியா தன் பழைய பரிசோதனைகளை முதலிலிருந்து செய்தாள். மூன்று மாதம் பிடித்தது. மூன்று ஓட்டத்திலும் அமிலம் நாற்பத்துமூன்றைத் தாண்டியது. ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினாள். பிழையை முதலில் கண்டவர் யார் என்ற வரியில் பின்சியின் முழுப்பெயரையும் எழுதி, அனுப்புவதற்கு முன் பூபதிராஜா மூலம் பின்சியின் சம்மதம் கேட்டாள். 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. திருத்தம் அச்சான பிறகு இரண்டு கருத்தரங்குகளிலிருந்து வர இருந்த அழைப்பு வரவில்லை. ஒரு பழைய நண்பர் மட்டும் போன் செய்து, "இதை யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களே, எதுக்கு நீயா போய் எழுதினே?" என்று கேட்டார்.

துறையில் ஆய்வகம் ஒன்றுதான். இருவருக்கும் அதே மேசைகள், அதே குளிர்அறை, குடுவைகளை நீராவியில் கிருமி நீக்குகிற அதே ஆட்டோகிளேவ். பின்சி காலையில் ஆறு மணிக்கே வருகிறாள். யோகப்பிரியாவும் இப்போது அந்த நேரத்துக்கே வருகிறாள். வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். சில நாட்கள் மதியம் வரை வேறு பேச்சு இருக்காது.

"ஆட்டோகிளேவ் காலியா பின்சி?"

"பத்து நிமிசம் ஆகும் மேடம். முடிஞ்சதும் சொல்லுதேன்."

பத்து நிமிடத்தில் வந்து சொல்கிறாள்.